மாமியார் என்றொரு ஜீன்

உறவில் அண்ணி எனக்குப் பெரியவள். வயதில் நான் அவளுக்கு ஏழு வருஷம் மூத்தவள். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று கல்யாணத்தன்றே தகராறு வந்து, கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்று கூப்பிடுவதாக முடிவானது. அன்றிலிருந்து எங்கள் சண்டைகளெல்லாம் 'நீங்க' போட்டுத்தான் நடக்கும். கேட்கிறவர்களுக்குச் சண்டை என்றே தெரியாது.

வேலை செய்யும் இடத்திலும் இதே இழுபறிதான். அவள் ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில் ஏழு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினேழு வருஷமாக எலி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு வேண்டிய எலியை வளர்த்து, வயது எழுதி, ஆண் பெண் பிரித்துக் கொடுப்பது நான். அதாவது, என் தயவில்லாமல் அவளுக்கு ஒரு பட்டமும் கிடையாது. வாரம் ஒரு தடவையாவது இதை அவளுக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது.

அண்ணனுக்கு அவளைப் பார்த்துச் சொன்னதும் நான்தான். அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு எலி விரலைக் கடித்துத் தொங்கியது. கத்தவில்லை, உதறவில்லை. மெதுவாகக் கூண்டில் இறக்கிவிட்டு, மூடியைச் சரியாகப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் ஒரு மூலையில் போய் அழுதாள். என் அண்ணனோடு குப்பை கொட்ட இவ்வளவு பொறுமை உள்ளவள் வேறு எங்கேயும் கிடைக்க மாட்டாள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அவளுடைய ஆராய்ச்சி மார்பகத் திசுவைப் பற்றியது. மாடியில் இருக்கிறவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசுவதை நான் ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். இன்னும் கருத்தரிக்காத பெண் எலியின் மார்பில் மெல்லிய குழாய்கள்தான் இருக்கும். அந்தக் குழாய்களின் சுவரில் சில செல்கள் எதுவாகவும் ஆகாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். முன்னோடிச் செல்கள் என்பார்கள். வயிற்றில் குட்டி வந்தால்தான் அவை பெருகி, பால் சுரக்கும் செல்களாக மாறும். குட்டிகள் பால் குடியை மறந்ததும் பால் செல்கள் செத்து உதிர்ந்துவிடும். அடுத்த ஈற்றுக்கு மறுபடி முன்னோடிகளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எல்லா முன்னோடிகளும் முதல் தடவையே ஆர்வக்கோளாறில் பால் செல்லாகிவிட்டால் அடுத்த தடவைக்கு ஆள் இருக்காது. அப்படி ஆகிவிடாமல் அவற்றைப் பிடித்து வைப்பது யார்? அதுதான் அண்ணியின் கேள்வி.

ஒரு ஜீன்தான் என்பது அவளுடைய பதில். அந்த ஜீனில் இருந்து வரும் புரதம், பால் சுரக்க உத்தரவு கொடுக்கும் மற்ற ஜீன்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'இப்ப வேணாம், பொறு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எழுத்தும் எண்ணுமாக அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அண்ணி வைத்த பெயர் மாமியார்.

"தானும் செய்யாது, செய்றவங்களையும் விடாது. வேற என்ன பேரு வைக்கிறது?" என்றாள்.

அவளுக்கு மாமியார் என்றால் என்னைப் பெற்றவள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முடிவு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முடிவு வந்தது. செல்களை ஜெல் துளிகளில் வளர்த்து, பாதித் துளிகளில் அந்த ஜீனின் வாயைக் கட்டினாள். மாமியார் இல்லாத துளிகளில் செல்கள் எட்டே நாளில் பால் சுரந்து பளபளத்தன. அவற்றைப் பிரித்து மறுபடி வளர்த்தால் மூன்றாவது தலைமுறையில் பூண்டோடு அழிந்தன. மாமியார் இருந்த துளிகளோ ஐந்து தலைமுறை தாண்டியும் குருத்து விட்டுக்கொண்டிருந்தன.

"ஆக, மாமியார் இல்லாட்டி குடும்பம் தழைக்காதுன்னு ஏழு வருஷம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றேன். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாருங்க. உங்க அண்ணனைப் பெட்டியோட உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

நான் தனிக்கட்டை. நிம்மதியாக இருக்கிறவள். சொல்லவில்லை.

மூன்று முறை செய்து மூன்று முறையும் இதே முடிவு. பேராசிரியருக்கு ஆய்வகத்தில் 'ஆனா சார்' என்று பெயர். எதைக் காட்டினாலும் "ரொம்ப நல்லா இருக்கு, ஆனா" என்றுதான் வாயைத் திறப்பார். இதற்கும் திறந்தார். "ரொம்ப நல்லா இருக்கு, ஆனா புது ஈத்து எலியை வெச்சு இன்னொரு தடவை பண்ணிடுங்க. குழு கேக்கும்."

குழு என்பது நாலு பேர். ஏழு வருஷம் தாண்டிய ஆராய்ச்சிக்காரர்கள் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். நீட்டிப்புக் கொடுத்தால் தொடரலாம், இல்லாவிட்டால் மேஜையைக் காலி செய்ய வேண்டும். அண்ணியின் முறை அடுத்த மாதம். நாலாவது தடவையும் சரியாக வந்தால் குழு தலையாட்டிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பத்து வாரம் ஆன, கருத்தரிக்காத பெண் எலி மூன்று வேண்டும் என்றாள். ஐந்து பெண்கள் இருந்த கூண்டில் இருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் நான் மேலே போனபோது மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமல் "இங்க வந்து பாருங்களேன்" என்றாள்.

பார்த்தேன். மாமியார் இல்லாத துளிகளில் பால் துளிர்த்திருந்தது. சரி. மாமியார் இருக்கிற துளிகளிலும் முக்கால்வாசியில் பால் துளிர்த்திருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுன்னா, அது நான் தேடின ஜீனே இல்ல. என் ஏழு வருஷமும் ஒண்ணுமில்ல" என்றாள்.

இந்த இடத்தில் நல்ல நாத்தனார் என்ன செய்திருப்பாள்? தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லியிருப்பாள். நான் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு பாட்டில்கள். நீல மூடி, சாதாரண ஊட்டத் திரவம். சிவப்பு மூடி, பால் வரவழைக்கும் ஹார்மோன் கலந்தது, பக்கத்து மேஜைக்காரருடையது.

"எந்த பாட்டில்ல இருந்து ஊத்துனீங்க?" என்றேன்.

"நீலம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுலயும் காபிக்கு உப்பு போட்ட ஆளு நீங்க."

"அது போன வருஷம்."

"பழக்கம் எங்க போகும்?"

அன்றிலிருந்து அதே பல்லவிதான். காரிடாரில் பார்த்தால் "நீலமா சிவப்பா?" என்பேன். அவளும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லுவாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் விடவில்லை. என் வாய்க்கு அப்படி ஒரு குணம் உண்டு, ஆரம்பித்தால் பிரேக் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "உங்க மருமக பாட்டிலை மாத்தி ஊத்திட்டா. இப்ப ஏழு வருஷம் தண்ணியில."

அம்மா நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

"தெரியல அத்தை" என்றாள் அண்ணி. "நான் மாத்தலன்னுதான் நினைக்கிறேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." தட்டில் இருந்ததை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தாள். அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தான். எனக்கும் உள்ளே எங்கேயோ குத்தியது, ஆனால் சொன்னதைத் திருப்பி விழுங்க எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை எலி அறைக்குப் போனேன். விளக்கைப் போட்டு, ஒவ்வொரு கூண்டாகத் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணிக்கு எடுத்தது போக இரண்டு எலி மிச்சம் இருந்த கூண்டின் மூலையில், பஞ்சுக் குவியலுக்குள் ஏதோ நெளிந்தது. விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், எட்டுக் குட்டிகள்.

கூண்டின் சீட்டைப் பார்த்தேன். 'பெண் 5' என்று இருந்தது. கீழே தேதி. அதற்குக் கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக.

ஐந்தும் பெண் என்றால் எட்டுக் குட்டி எங்கிருந்து வந்தது? குட்டிகளின் மேல் படுத்திருந்தது தாய். ஓரமாக நின்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டிருந்தது இன்னொன்று. வாலைப் பிடித்துத் தூக்கித் திருப்பினேன். திருப்பியிருக்கவே வேண்டாம். பிறந்த குழந்தை பார்த்தால்கூட ஆண் என்று சொல்லிவிடும்.

குட்டிகளை மூன்றாவது வாரத்தில் பிரிக்க வேண்டும். அந்த வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. இரண்டு துளைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகமா, குறைவா, அவ்வளவுதான். எனக்கு ஒரு குட்டிக்கு ஒரு விநாடி போதும் என்று பதினேழு வருஷமாக ஜம்பம் அடித்து வந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கூண்டைப் பிரித்த மாதத்தில்தான் கண் மருத்துவர் வெள்ளெழுத்து என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கிக் கைப்பையில் வைத்தேன். போடவில்லை. போட்டால் வயசாகிவிட்டது என்று அண்ணி கிண்டல் பண்ணுவாள். அப்புறம் வாரா வாரம் கூண்டு மாற்றும்போதெல்லாம் வாலைப் பிடித்து இந்தக் கூண்டில் இருந்து அந்தக் கூண்டுக்கு மாற்றினேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சீட்டில் என் கையெழுத்தே இருக்கும்போது எலியை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பாட்டில் மூடியைக் கோணல் என்றேன்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு யோசனை வந்தது. அந்த அறைக்கு என்னைத் தவிர யாரும் வருவதில்லை. குட்டிகளை வேறு கூண்டில் போட்டு, சீட்டை மாற்றி எழுதினால், பாட்டில் மாறியது மாறியதாகவே இருக்கும். அந்த யோசனையோடு ஐந்து நிமிஷம் நின்றேன். ஐந்து நிமிஷம் என்பது அதிகம், எனக்கே தெரியும். அப்புறம் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். எலிக் கூண்டை மாடிக்குக் கொண்டு போகக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே எத்தனையோ விதி மீறியாகிவிட்டது, இதையும் மீறினேன்.

அண்ணி மேஜையில் காகிதங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போக. அவள் முன்னால் கூண்டை வைத்தேன்.

"நீலம்தான்" என்றேன். "நீங்க ஊத்துனது நீலம்தான்."

பஞ்சைப் பார்த்தாள், குட்டிகளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். அவள் திட்டுவாள், நான் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். என் கையெழுத்தைச் சுண்டு விரலால் தொட்டாள், அவ்வளவுதான்.

"எப்ப பிறந்துது?"

"நேத்து ராத்திரியோ, இன்னிக்கு விடியலோ."

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். எலிக்குக் கர்ப்பம் இருபது நாள். இன்றைக்கு இருபது என்றால், நான் மூன்று எலிகளை எடுத்துக் கொடுத்து பதினாலு நாள் ஆயிற்று. "அப்ப அன்னிக்கு ஆறாவது நாள்" என்றாள். "வெளிய தெரியாது. நான் வயித்தைத் திறக்கவே இல்ல, தோலுக்கு அடியில இருந்து திசுவை மட்டும்தான் எடுத்தேன். அந்த மூணும் கூட…" நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதான் பால் வந்திருக்கு. செல்லுங்க தட்டுக்கு வரும்போதே கல்யாணமாகி வந்திருக்குங்க."

"தப்பு என்னோடது" என்றேன். இந்த இரண்டு வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்தால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். "கண்ணாடி வாங்கியாச்சு. போடல. அப்புறம் உங்களைப் போய் ஊர் முழுக்க…"

"இருங்க இருங்க" என்றாள். என் மன்னிப்பைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. எழுந்து ஃப்ரீசரைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். அண்ணி எதையும் தூக்கி எறிய மாட்டாள். வீட்டில் அவளுடைய ஃப்ரிட்ஜைத் திறந்தால் போன மாதச் சாப்பாடு டப்பா டப்பாவாக அடுக்கி இருக்கும். அதை வைத்து நான் பண்ணாத கேலி இல்லை. அன்றைக்கு அந்தக் குணத்தைக் கும்பிட்டேன். மூன்று எலிகளில் இருந்தும் மிஞ்சிய திசுவைத் தனித்தனிக் குப்பியில் போட்டு, தேதி எழுதி வைத்திருந்தாள்.

இரண்டு நாளில் அளந்து பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் எலி அறைக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள், அதில் எலிக்கு ஒன்றாக மூன்று கம்பங்கள். ஒன்று உயரம், இரண்டு குட்டை.

"மூணுல ரெண்டு எலிதான் கர்ப்பம். ஒருத்தி தப்பிச்சிருக்கா. அவகிட்ட மாமியார் முழுசா இருக்கு. மத்த ரெண்டு பேர்கிட்டயும் அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கு. புரியுதா?"

"புரியல."

"நான் ஏழு வருஷமா கையால மாமியாரை விரட்டிட்டு இருந்தேன். கர்ப்பம் வந்தா அது தானாவே ஒதுங்கிக்குது. உடம்பே ஒதுக்கி வைக்குது. இப்ப ஒரே கேள்விதான். குட்டி பால் குடிச்சு முடிச்சப்புறம் திரும்பி வந்து உட்காருதா? உட்கார்ந்தா, மிச்சம் இருக்கிற முன்னோடிகளை அடுத்த ஈத்துக்கு அதுதான் காப்பாத்துதுன்னு அர்த்தம்."

"வேணும்னா ஒதுங்கி, வேலை முடிஞ்சா திரும்பி வர்ற மாமியாரா? எந்த ஊர்ல கிடைக்கும்?" என்றேன்.

ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் கண்ணும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனா சாரிடம் கொண்டு போய்க் காட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நாங்கள் காத்திருந்தோம். "ஆனா இது விபத்து. சோதனை இல்ல. நாள் குறிச்சு, கர்ப்பத்துல ஒவ்வொரு கட்டத்துலயும், பால் மறந்தப்புறமும், முறையா பண்ணணும். ஒரு வருஷம் ஆகும்." அவர் சொன்னது நியாயம். எலியிடம் போய் அவசரம் என்று சொன்னால் கேட்காது.

ஒரு வருஷம் கிடைப்பது ஒரு படிவத்தில் தொங்கியது. நீட்டிப்புக் கேட்கிறவர்கள் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ஐந்தாவது வரி, 'தாமதத்துக்குப் பொறுப்பானவர்'. ஆராய்ச்சிக்காரரே பொறுப்பு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. வேறு ஆள் பொறுப்பு என்றால் ஒரு வருஷம் தருவார்கள், ஆனால் அந்த ஆள் மேல் விசாரணை வரும். எனக்கு முன்னால் எலி அறையில் இருந்தவர் அப்படித்தான் புட்டி கழுவும் அறைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை.

"என் பேரை எழுதிக்கோங்க" என்றேன் அண்ணியிடம்.

"சரி, பார்த்துக்கிறேன்" என்றாள், பெரிதாக ஒன்றும் சொல்லாமல்.

அவள் வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். 'சேச்சே, உங்க பேரையா' என்று ஒரு பேச்சுக்காவது. சரி என்று சொன்னதும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. எழுதச் சொன்னதும் நானே, எழுதுகிறாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நானே. குழு கூடும் வரைக்கும் இரண்டு வாரமும் அவளோடு சரியாகப் பேசவில்லை. "என்ன, எலி எதுவும் கடிச்சிருச்சா?" என்று அவள் கேட்டாள். "எங்க எலியெல்லாம் சொல்லிட்டுத்தான் கடிக்கும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் போகவில்லை.

அது மட்டுமா? ஐந்தாம் நாள் நேராக அலுவலகத்துக்குப் போய் இன்னொரு படிவம் வாங்கினேன். மனசாட்சி உறுத்தி வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீம்பு. இவள் காட்டிக் கொடுத்து நான் மாட்டினேன் என்று இருக்கக் கூடாது, நானே சொல்லி மாட்டினேன் என்று இருக்கட்டும். ஐந்தாவது வரியில் என் பெயரை எழுதினேன். 'தவறின் விவரம்' என்ற இடத்தில், 'ஆண் குட்டியைப் பெண் என்று எழுதினேன். கண்ணாடி கைப்பையில் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்துக்காரர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார்.

குழு கூடிய அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் ஆனா சார், அண்ணி. கதவோரம் ஒரு நாற்காலியில் நான். அண்ணி தன் படங்களைக் காட்டி அரை மணி நேரம் பேசினாள். நன்றாகவே பேசினாள். மாமியார் என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டாள். யாரும் குறுக்கே கேட்கவில்லை.

அப்புறம் தலைவரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி, முன்னால் இருந்த கோப்பைத் திறந்தார்.

"வேலையில எங்களுக்குச் சந்தேகம் இல்ல. எங்க சந்தேகம் வேற. இந்தக் கோப்புல ரெண்டு படிவம் இருக்கு."

அண்ணி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு எலி அறைப் பொறுப்பாளர் கொடுத்தது. தப்பு தன்னோடதுன்னு எழுதியிருக்காங்க. கண்ணாடி கைப்பையில இருந்துதாம்." ஓரத்தில் இருந்த ஒருவர் இருமினார். "இன்னொண்ணு ஆராய்ச்சியாளரே கொடுத்தது. இதுல பொறுப்பானவர், அவங்க பேரு. 'எலிகளை வாங்கும்போது நான் சரிபார்க்கவில்லை, தவறு முழுக்க என்னுடையது'ன்னு இருக்கு. தேதியைப் பார்த்தா இதுதான் முதல்ல வந்திருக்கு. மத்ததுக்கு நாலு நாள் முன்னாடி."

நான் கொடுத்ததற்கு நாலு நாள் முன்னாடி என்றால், நான் என் பெயரை எழுதச் சொன்ன அன்றைக்கு மறுநாள். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் இரண்டு வாரம் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, எலி கடித்ததா என்று கேட்டிருக்கிறாள்.

"இதை எழுதினா மூணு மாசம்தான் கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று தலைவரம்மா அண்ணியைக் கேட்டார்.

"தெரியும்."

"மூணு மாசத்துல இது முடியுமா?"

அண்ணி வாயைத் திறக்கும் முன் நான் எழுந்துவிட்டேன். "முடியாதுங்க. ஒரு கர்ப்பத்துக்கு இருபது நாள், பால் மறக்க மூணு வாரம், அப்புறம் செல்லை அஞ்சு தலைமுறை வளர்க்கணும், இதெல்லாம் மூணு தடவை. அவங்க பொய் சொல்றாங்க. இந்தச் சீட்டுல இருக்கிறது என் கையெழுத்து." கூண்டுச் சீட்டை மேஜையில் வைத்தேன்.

"நீங்க உட்காருங்க" என்றாள் அண்ணி என்னிடம்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன் நான்.

தலைவரம்மா ஆனா சார் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"சண்டை இல்லீங்க" என்றார் ஆனா சார். "அண்ணியும் நாத்தனாரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா…" என்று ஆரம்பித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டார்.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அண்ணிக்கு ஒரு வருஷம். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்துக்கு நான் பிரிக்கும் ஒவ்வொரு குட்டியையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எலி அறையை விட்டு அனுப்பவில்லை.

காரிடாரில் இரண்டு பேரும் நடந்தோம். படியருகில் நான் நின்றுவிட்டேன்.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" என்றேன். "ஏழு வருஷத்தை இப்படியா தூக்கிப் போடுவாங்க? நான் செஞ்ச தப்புக்கு? உங்களைப் பத்தி வீடு முழுக்கச் சொன்னவ நான். சாப்பாட்டு மேஜையில வெச்சு மானத்தை வாங்கினவ. என் பேரை எழுதியிருக்க வேண்டியதுதானே?"

"எழுத உட்கார்ந்தேன்" என்றாள். "வரல. இத்தனை வருஷத்துல நான் கேட்ட எலி ஒரு நாள் தாமதமா வந்ததில்ல. உங்களுக்குக் காய்ச்சல்னாலும் வந்துடும். உங்களைப் புட்டி கழுவ அனுப்பிட்டு, அந்த வருஷத்தை வெச்சு நான் எலியை யார்கிட்ட கேக்கிறது?"

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? நான் ரெண்டு வாரமா…"

"சொன்னா விடுவீங்களா? நேரா போய் நீங்களே ஒரு படிவம் எழுதிக் கொடுத்திருப்பீங்க."

கொடுத்துத்தானே இருந்தேன். அவளைத் திட்ட வேண்டும் என்று நிஜமாகவே கோபம் வந்தது. திட்டவும் செய்தேன். ஆனால் அழுதுகொண்டே திட்டினால் எதிராளிக்கு ஒரு வார்த்தைகூட விளங்காது போலிருக்கிறது.

அண்ணி கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல மூக்கைத் துடைங்க" என்றாள். "அப்புறம் முதல்ல இருந்து திட்டுங்க. நான் எங்கயும் போகல, இன்னும் ஒரு வருஷம் இங்கதான் இருக்கப் போறேன்."